மலிவின் விலை: ஆடை நுகர்வும் அறப்பொறுப்பும்

தமிழில் ‘மலிவு’ என்னும் சொல் இன்று குறைந்த விலையைக் குறித்து நிற்கின்றது. அதன் வேராகிய ‘மலி’ என்பதற்கோ நிறைதல், மிகுதல், பெருகுதல் என்பனவே பொருள்கள். நெல் மலிந்த ஆண்டில் நெல்லின் விலை இறங்கும்; மீன் மலிந்த நாளில் மீனின் விலை இறங்கும். மிகுதியைக் குறித்த சொல் நாளடைவில் அம்மிகுதியின் விளைவாகிய விலைக்குறைவைக் குறிக்கலாயிற்று எனக் கொள்வது பொருந்தும். குறைந்த விலைக்குப் பின்னால் ஒரு வளம் இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இச்சொல்லுக்குள் உறைந்து கிடக்கின்றது.

இன்றைய கடைத்தெருக்களில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் குவித்து வைக்கப்பட்டுள்ள பனியன்களுக்கும் சட்டைகளுக்கும் இவ்வெதிர்பார்ப்பு பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா. பருத்தி விளையும் கரிசல் நிலத்தில் நீர் மலிந்திருக்கவில்லை. நூற்கும் பெண்ணுக்கு உறக்கம் மலிந்திருக்கவில்லை. சாயமிடும் ஊரில் ஆறு மலிந்திருக்கவில்லை. ஆயினும் ஆடை மலிந்திருக்கின்றது. செலவு குறைந்ததால் விலை குறையவில்லை. செலவின் ஒரு பகுதி விலைக்குள் வராமல் வேறோர் இடத்தில் இறக்கி வைக்கப்பட்டதால் குறைந்தது. பொருளியலார் இதனைப் ‘புறச்செலவு’ என்பர். அது யாருக்குப் புறம் என்பதை அச்சொல் கூறுவதில்லை. அகம், புறம் எனப் பகுத்துப் பழகிய தமிழ் மாணவர்க்கேனும் அவ்வினா எழுதல் வேண்டும். பேச்சுவழக்கு இவ்வகையில் கலைச்சொல்லினும் நேர்மையானது. அது ‘கொள்ளை மலிவு’ என்று கூறிவிடுகின்றது.

உப்பும் ஆறும்

இச்செலவு எங்கே இறக்கி வைக்கப்படுகின்றது என்பதற்குத் திருப்பூரும் நொய்யலாறும் தெளிவான சான்றுகள். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கும் இவ்வாறு, பேரூர்ப் புராணத்தில் காஞ்சிமாநதி எனப் போற்றப்பெறுவது. பதிற்றுப்பத்துச் சுட்டும் கொடுமணம் இதன் கரையில் இருந்த தொழிலூரே என அகழாய்வு காட்டியுள்ளது. கல்மணி அறுத்தோரும் இரும்பு உருக்கியோரும் வாழ்ந்த கரை அது. எனவே தொழிலுக்கும் ஆற்றுக்கும் இயல்பிலேயே பகை உண்டு எனக் கூற இயலாது.

பகை வந்த வழியை அறியச் சாயமிடும் முறையைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் வினைபுரி சாயங்களே பயன்படுகின்றன. நீரில் நனைந்த பருத்தி இழையும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பின. அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையின்பால் தள்ளுவதற்கு உப்பு தேவைப்படுகின்றது. அடர்ந்த நிறமாயின் ஒரு லிட்டர் சாயநீருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு இடப்படும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயநீர் எனக் கொண்டால், ஒரு கிலோ துணி ஏறத்தாழ அரைக் கிலோ உப்பை வேண்டி நிற்கின்றது.

அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை என்பதே இங்கு நினைக்கத்தக்கது. சாயத்திலேனும் பெரும்பகுதி இழையோடு பிணைந்து வாங்குபவர் வீட்டிற்குச் செல்கின்றது. உப்போ தன் வேலையை முடித்துக்கொண்டு, இட்ட அளவு குறையாமல் கழிவுநீரோடு வெளியேறுகின்றது. நிறம் வாங்குபவர்க்கு, உப்பு ஆற்றிற்கு எனப் பங்கீடு நடந்து முடிகின்றது. கறுப்புச் சட்டையும் கருநீலச் சட்டையும் வெளிர்நிறச் சட்டையினும் கூடுதலான உப்பை விட்டுச் செல்கின்றன. கடையில் இவையனைத்திற்கும் பெரும்பாலும் ஒரே விலைதான்.

1992ஆம் ஆண்டில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை ஒன்று பயன்பாட்டிற்கு வந்தது. கீழ்ப்பகுதி நிலங்களுக்குப் பாசனம் அளிப்பது அதன் நோக்கம். திருப்பூரின் ஏற்றுமதி பெருகிய காலமும் அதுவே. சில ஆண்டுகளுக்குள் அணையில் தேங்கியது பாசனநீராக இல்லாமல் சாயப்பட்டறைக் கழிவுநீராக ஆயிற்று. கிணறுகள் உவர்த்தன, தென்னையும் மஞ்சளும் பட்டுப்போயின. அணையில் நீரைத் தேக்க வேண்டா என்று பாசன உழவர்களே வேண்டும் நிலை உருவாயிற்று. நீருக்காக வழக்காடிய உழவர்கள் நம் வரலாற்றில் பலர். நீர் வேண்டா என்று வழக்காடியோர் அரியர்.

வழக்கின் போக்கைச் சுருங்கக் கூறலாம். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ஆலைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியேற்றாத நிலையை எய்த வேண்டும் எனக் கெடு விதித்து, அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை உயரும் தண்டத்தொகையையும் விதித்தது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதன் பின்னும் நிலைமை திருந்தாமையால் 2011 ஜனவரியில் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. சாயத்தை நம்பியிருந்த கட்டிங், செக்கிங், அயர்னிங் தொழிலாளர் வரை வேலையிழப்பு பரவியது. பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டுத் தொழில் மீண்டும் எழுந்தது.

லிட்டருக்கு 6 பைசா என்பது தண்டத்தொகையே ஆயினும், ஆறு கெடுவதற்குக் கணக்கேட்டில் ஒரு விலை எழுதப்பட்டது அப்போதுதான் எனலாம். அதற்கு முன்னும் விலை கொடுக்கப்பட்டே வந்தது. அதனைக் கொடுத்தவர் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர். ஆடையை அணிந்தவர் அல்லர்.

தின்பவனும் கொல்பவனும்

ஆலையின் குற்றம் ஆலைக்கும் அரசின் குற்றம் அரசுக்கும் உரியன. கடையில் நின்று ஒரு சட்டையை எடுப்பவர்க்கு இதில் என்ன பங்கு? இவ்வினா புதியதன்று. ஊனுண்ணல் பற்றிய பழைய வாதத்தில் இதே வினா கூர்மையாக எழுப்பப்பட்டுள்ளது.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில் (குறள் 256), தின்பதன் பொருட்டு உலகம் கொல்லாதாயின் விலைக்கு ஊன் தருவாரும் இலராவர் என்னும் கருத்து அமைந்துள்ளது. ‘கொல்லாது’ என்பதற்குக் ‘கொள்ளாது’ எனப் பாடம் கொள்வாரும் உளர். ஓரெழுத்து வேறுபாட்டில் கொல்லுதலும் வாங்குதலும் ஒன்றினிடத்தில் மற்றொன்று நிற்க முடிகின்றது என்பது தற்செயலே ஆயினும் பொருள் பொதிந்தது. இக்குறளுக்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் வாதத்தின் உட்புகுகின்றது. பின் நிகழும் தின்கை முன் நிகழ்ந்த கொலைக்குக் காரணமாகாது, ஆதலின் தின்பார்க்குப் பாவம் இல்லை என்று ஒரு வாதி கூறுவதாகவும், அவனை நோக்கியே வள்ளுவர் இதனைக் கூறினார் எனவும், தின்கை காரணமாதல் அருத்தாபத்தி அளவையால் நிறுவப்பட்டது எனவும் அவர் கொள்கின்றார்.

அவ்வாதியின் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. சட்டை கடைக்கு வரும் முன்னரே சாயநீர் ஆற்றில் கலந்துவிட்டது. அதனை வாங்காமல் திரும்பினாலும் நொய்யல் இனித்துவிடாது. பின் நிகழ்வது முன் நிகழ்ந்ததற்குக் காரணமாவது எங்ஙனம்? பரிமேலழகரின் விடை, தனிச்செயலை நோக்காமல் தொழிலை நோக்குவதாக உள்ளது. வாங்குவோர் உண்டு என்னும் உறுதியின்றி விற்பான் கொல்லமாட்டான். அவன் கொல்லுகின்றான் என்பதிலிருந்தே அவ்வுறுதி பெறப்படுகின்றது. இன்று வாங்கிய சட்டை நேற்றைய சாயத்திற்குக் காரணமன்று. நாளைய ஆர்டருக்குக் காரணம். கடையில் விற்றுத் தீர்ந்த எண்ணிக்கை கணினியில் ஏறி, அடுத்த பருவத்து ஆர்டராகத் திருப்பூருக்கோ டாக்காவுக்கோ திரும்பி வருகின்றது. பரிமேலழகர் காலத்து இறைச்சிக் கடையினும் இன்றைய ஆடை வணிகத்திற்கே அவர் வாதம் துல்லியமாகப் பொருந்துகின்றது எனத் தோன்றுகின்றது.

தஞ்சையில் பிறந்து காந்தியப் பொருளியலை வகுத்த ஜே.சி. குமரப்பா (1892–1960) இதனையே வேறு மொழியில் வற்புறுத்தினார். சந்தையில் உள்ள ஒவ்வொரு பொருளோடும் அறமதிப்பு ஒன்று ஒட்டி வருகின்றது, ஆதலின் அதன் முன்வரலாற்றை விசாரித்து வாங்குதல் நுகர்வோர் கடமை என்பது அவர் கொள்கை. கதர் இயக்கக் காலத்தில் அது செயற்படத்தக்கதாக இருந்தது. நூற்றவரும் உடுத்தியவரும் பல இடங்களில் ஒரே ஊரினர். இன்றோ பருத்தி ஒரு மாநிலத்தில், நூல் மற்றொன்றில், சாயம் வேறோர் ஊரில், தையல் ஜாப் ஒர்க் முறையில் பல கூடங்களில், விற்பனை கடல் கடந்து என அமைந்துள்ளது. முன்வரலாறு உண்டு, அதனை விசாரிக்கும் வழி அடைபட்டுள்ளது.

கண்டிலேன், கேட்டிலேன், ஐயுற்றிலேன்

இவ்வடைப்பே ஒரு சமாதானமாகவும் ஆகிவிடுகின்றது. பௌத்த விநயம் துறவிகளுக்கு ஊனுணவை மூன்று நிபந்தனைகளோடு இசைந்தது. தமக்கெனக் கொல்லப்பட்டதைக் காணாமலும், கேளாமலும், அவ்வாறு இருக்கலாம் என ஐயுறாமலும் இருப்பின் அவ்வூன் தூயது. குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூலாகிய நீலகேசி, பௌத்தரின் ஊனுண்ணும் கொள்கையைக் கடுமையாகச் சாடுகின்றது. இருசாராரில் எவர் வென்றனர் என்பது இங்கு நோக்கமன்று. அம்மூன்று நிபந்தனைகளும் இன்றைய நுகர்வோரின் மனநிலையை வியப்புறும் வகையில் எடுத்துரைக்கின்றன என்பதே குறிக்கத்தக்கது.

முதலிரண்டையும் இன்றைய வணிகமே காத்துத் தருகின்றது. சாயப்பட்டறை கண்ணுக்குத் தெரியாது. தையற்கூடத்தின் ஓசை கேட்காது. மூன்றாவதாகிய ஐயுறாமை மட்டும் நுகர்வோரே காத்துக்கொள்ள வேண்டியது. அது 2013 ஏப்ரல் 24க்குப் பின் எவர்க்கும் எளிதாக இல்லை. அன்று டாக்காவுக்கு அருகிலுள்ள சாவாரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். முந்திய நாளே சுவர்களில் வெடிப்பு காணப்பட்டது. கீழ்த்தளத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டிற்கு அனுப்பிவிட்டது. மேல்தளங்களில் இயங்கிய ஆடை ஆலைகள் தம் தொழிலாளரை மறுநாள் வேலைக்கு அழைத்தன. ஒரே கட்டடம், ஒரே வெடிப்பு, அதனைப் பற்றிய அறிவும் ஒன்றே. குறித்த நாளில் சரக்கை அனுப்பியாக வேண்டும் என்னும் நெருக்கடியே வேறுபாடு. அந்நெருக்கடி கட்டடத்திற்குள் பிறந்ததன்று. பருவந்தோறும் புதுப்பாணி, அதுவும் குறைந்த விலையில் என வேண்டி நிற்கும் தொலைவுச் சந்தைகளில் பிறந்து, ஆர்டர் வழியாக வந்து சேர்ந்தது.

அத்துணைத் தொலைவு போக வேண்டியதும் இல்லை. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்த உழவரும் கூலியாட்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். தமிழகத்தின் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரில் இளம்பெண்கள் ஆலை விடுதிகளில் தங்கவைக்கப்பட்டு, மூன்றாண்டு முடிவில் மொத்தமாக ஒரு தொகை என்னும் வாக்குறுதியோடு வேலை வாங்கப்பட்டனர். இடையில் நின்றவர்க்கு அத்தொகை கிடைப்பது அரிதாயிற்று. திருமணச் செலவுக்கு வழியற்ற குடும்பங்களின் கவலையையே மூலதனமாக்கிய அம்முறைக்கு அத்தகைய மங்கலப் பெயர் சூட்டியவரின் சொல்லாற்றல் வியக்கத்தக்கதே. கணவரை இழந்தோ துணையின்றியோ நூற்று வாழ்ந்த பெண்டிரைச் சங்கப் பாடல்கள் அறியும். இரவில் எழுந்து சிறுவிளக்கொளியில் பஞ்சின் கழிவைப் புடைக்கும் பருத்திப் பெண்டு ஒருத்தி புறநானூற்றில் (326) வருகின்றாள். ஆலையின் இரவு ஷிப்டில் நிற்கும் பெண்ணை அவ்வளவு அருகில் நின்று நோக்கிய படைப்புகள் இன்றைய இலக்கியத்திலும் மிகச் சிலவே.

ஏழையின் ஆடை

மலிவான ஆடையைக் குறைகூறுவோர் எதிர்கொண்டாக வேண்டிய வலிய மறுப்பு ஒன்று உண்டு. மாற்றுத்துணி இல்லாமையால் வெளியே வர நாணியிருந்தோர் இந்நாட்டில் இருந்தனர். ஆடை வெறும் வெப்பதட்பக் காப்பாக மட்டும் இருந்ததும் இல்லை. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்குப் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. 1859ஆம் ஆண்டு அரசாணை அவ்வுரிமையை ஏற்றபோதும், உயர்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் அணிதல் ஆகாது என்று வரம்பு கட்டியது. யார் எதனை உடுக்கலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்த சமுதாயத்தில், காசு கொடுத்தால் எவரும் எதனையும் உடுக்கலாம் என்னும் நிலை சிறிய மாற்றமன்று. தீபாவளிக்குக் குழந்தைகள் நால்வர்க்கும் புதுத்துணி எடுத்துத் தரும் கூலித்தொழிலாளியிடம் நொய்யலைப் பற்றிப் பேசுவது அறமாகாது. மலிவு ஆடையின் மீதான வெறுப்பு சில வேளைகளில் எளியோர் நன்றாக உடுப்பதன் மீதான பழைய வெறுப்பின் புதுவடிவமாக இருத்தலும் கூடும். ‘இயற்கைச் சாயம், கைத்தறி’ எனப் பல்லாயிரம் கொடுத்து வாங்குவோர் தம்மைத் தூயோராகக் கருதிக்கொள்வதில் இச்சாயல் உண்டு.

இம்மறுப்பு உண்மையானது, ஆயின் அது எதனை நிறுவுகின்றது என்று பார்க்க வேண்டும். ஏழைக்கு ஆடை எளிதில் கிடைக்க வேண்டும் என்பதை நிறுவுகின்றது. அதன் செலவை மற்றோர் ஏழை ஏற்க வேண்டும் என்பதை நிறுவவில்லை. உவர்த்த கிணற்றின் சொந்தக்காரரும், பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரும், கைமடி வேலை செய்யும் சிறுமியும் வாங்குவோரை விடச் செல்வர் அல்லர். கணக்கும் இதற்குத் துணைசெய்கின்றது. சாயக்கூலி கிலோ அளவில் கணக்கிடப்படுவது. ஒரு கிலோ துணியில் ஐந்து பனியன்கள் வரை தைக்கலாம். கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்கும் செலவைப் பனியன் ஒன்றுக்குப் பகிர்ந்தால் அது சில ரூபாய் அளவிலேயே நிற்கும். ஒரு தேநீரின் விலைக்கும் கீழ்ப்பட்ட இத்தொகையே ஓர் ஆற்றுக்கும் அதன் அழிவுக்கும் இடையில் இருந்தது. இதனை ஏற்க ஆலைக்காரர் தயங்கியதற்கு அவர்தம் பேராசையை மட்டும் காரணமாக்குதல் எளிது, ஆனால் முழு உண்மையன்று. தாம் ஏற்றால், ஏற்காத வேறோர் ஊருக்கு ஆர்டர் போய்விடும் என்னும் அச்சம் அவர்க்கு இருந்தது. ஆணைக்குப் பின் சாயத்தொழிலின் ஒரு பகுதி கண்காணிப்பு குறைந்த பிற மாவட்டங்களை நாடியதையும் நோக்க, அவ்வச்சத்தை வீண் என்று கூற இயலவில்லை.

எனவே பொறுப்பு எல்லா நுகர்வோர்க்கும் ஒரே அளவினதாக அமையாது. இல்லாமையால் வாங்குபவரும், மிகையால் வாங்குபவரும் ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கினும் அறநிலையில் வேறானவர். அரசனாயினும் இரவுபகல் விலங்கு தேடித் திரிபவனாயினும் உடலுக்குத் தேவையான ஆடையின் அளவு ஒன்றே என்பது புறநானூற்றில் (189) நக்கீரனார் கண்ட உண்மை. அவ்வளவைக் கடந்து போவதெல்லாம் தவறு என அப்பாடல் கூறவில்லை. செல்வத்தின் பயன் ஈதல் என்றே முடிக்கின்றது. ஆனால் தேவைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அது கண்கூடாகக் காட்டுகின்றது. இன்றைய ஆடை வணிகம் அவ்வெல்லை இருப்பதையே மறக்கச்செய்து நடப்பது.

கிழிசலும் கழிவும்

பொருநராற்றுப்படையில் பொருநன் தன் பழைய உடையைக் கூறுமிடத்து, வேறு வேறு இழைகள் ஊடே நுழைந்து தைக்கப்பட்ட கந்தை எனக் கூறுகின்றான். கரிகாலன் அதனை நீக்கிப் பாம்பின் உரியை ஒத்த நுண்ணிய ஆடையை அளிக்கின்றான். அக்கந்தை வறுமையின் அடையாளமே. அதனை மகிமைப்படுத்தத் தேவையில்லை. ஆயினும் துணி கிழிந்தால் தைக்கத்தக்கது என்னும் எண்ணம் அதில் உள்ளது. துன்னகாரர் சிலப்பதிகாரப் புகாரில் இடம்பெற்றிருந்த தொழிலர். இன்று தைக்கும் கூலி புதுச்சட்டையின் விலையை நெருங்கிவிட்டதால் தைத்தல் பொருளற்றதாகிவிட்டது. மலிவு, ஆடையை வாங்கத் தூண்டுவதோடு எறியவும் தூண்டுகின்றது.

எறியப்பட்டவை சேரும் இடங்களுள் ஒன்று தில்லிக்கு வடக்கே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவிலுள்ள பானிப்பட். மேலைநாடுகளில் கழிக்கப்பட்ட கம்பளி ஆடைகள் கண்டலா துறைமுகம் வழியாக இங்கு வந்து குவிகின்றன. பெண்கள் தரையில் அமர்ந்து பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து, நிறவாரியாகப் பிரிக்கின்றனர். நிறம் பிரித்தபின் பிய்த்து நூற்பதால் மறுபடியும் சாயமிட வேண்டிய தேவை பெரிதும் இல்லை, உப்பும் இல்லை. அந்நூலில் நெய்த முரட்டுக் கம்பளிகள் நிலநடுக்கமும் வெள்ளமும் நேர்ந்த நாடுகளுக்கு நிவாரணப் பொருளாகச் சென்றன. தூசு நிறைந்த, கூலி குறைந்த தொழில்தான் அது. எனினும் ஆடையின் வாழ்நாளை நீட்டிய தொழில். அதனையும் இன்று பாலியஸ்டர்க் கம்பளிகள் வீழ்த்தி வருகின்றன. அவை மெல்லியவை, நிறமிகுந்தவை, விலையும் குறைந்தவை. துவைக்குந்தோறும் நுண்ணிழைகளை நீரில் விடுபவை. மலிவான பழையதை இன்னும் மலிவான புதியது வெல்கின்றது.

திருப்பூரில் இன்று சுத்திகரிப்பு நிலையங்கள் சாயநீரை வடிகட்டி, நீரின் பெரும்பகுதியை மீண்டும் ஆலைகளுக்கே அனுப்புகின்றன. எஞ்சிய செறிநீரைக் கொதிகலனில் விறகோ நிலக்கரியோ எரித்து ஆவியாக்குகின்றனர். ஒரு பகுதி உப்பு மறுபயனுக்கு மீட்கப்படுகின்றது. பிரிக்க இயலாத கலப்பு உப்பு சாக்குகளில் கட்டப்பட்டு, நிலையங்களின் கொட்டகைகளில் அடுக்கி வைக்கப்படுகின்றது. ஆற்றில் விடவும் ஆகாது; மண்ணில் புதைக்கவும் ஆகாது; வாங்குவாரும் இலர். அவ்வுப்பு ஏற்றிய நிறத்தை உடுத்தியவர்கள் அச்சட்டையைக் கழித்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆடையின் கழுத்துப்பட்டையில் தைக்கப்படும் சீட்டு இழை இன்னது, அளவு இன்னது, எந்த வெப்பத்தில் துவைக்க வேண்டும் என்பவற்றைக் கூறுகின்றது. எந்த ஊரின் நீரில் சாயமேறியது என்பதற்கு அதில் இடம் விடப்படவில்லை.